மஞ்சப்பொடிக் கொட்டகை

சோறு போடப் போட உள்ளே போய்க்கொண்டிருந்தது. உடம்பில்தான் ஒட்டவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷத்துச் சித்திரை மாதம். வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து வீடு. ரஹீமுன்னிசா தன் புருஷன் கமாலுதீனுக்குத் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு ஆள் சாப்பிடுவதை அவன் ஒருவனே சாப்பிட்டான். கை கழுவின ஈரம் காய்வதற்குள், "இன்னும் எதுனா கீதா?" என்று கேட்டான். அப்படியும் கழுத்துக்குக் கீழே இரண்டு எலும்பும் துருத்திக்கொண்டு நின்றன. பொங்கல் சமயத்தில் இறுக்கமாக இருந்த சட்டை இப்போது ஆணியில் மாட்டின மாதிரி தொங்கியது. சும்மா உட்கார்ந்திருந்தாலும் வேர்த்துக் கொட்டியது. படுத்து எழுந்த பாய் நனைந்து கிடந்தது. தலையணை உறையெல்லாம் மஞ்சள் கறை.

குழாயடியில் பெண்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள். "ஆம்பள எலும்பும் தோலுமா பூட்டான். அவ தையல் மிஷினுக்கு எண்ணெ வுடுறா, புருசனுக்குச் சோறு போட மாட்டேங்கறா."

ரஹீமுன்னிசா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவாள். கடைகளுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவள்தான் அவள். ஆனால் அந்தச் சம்பாத்தியமும் சேர்ந்து அடுப்பில்தான் ஏறியது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

கமாலுதீன் முன்பெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கப்பல் வந்தால் வேலை, வராவிட்டால் பட்டினி. அந்தப் பிழைப்பிலிருந்து அவனை மீட்டெடுத்தது ரஹீமுன்னிசாவின் அண்ணன் உசேன். திருவொற்றியூரில் ஒரு சாயக் கம்பெனியில் அவன் மேஸ்திரி. "மாசச் சம்பளம், மச்சான். மழ வந்தாலும் வெயிலு வந்தாலும் கூரைக்குக் கீழ வேல. நான் கீறேன்ல?" என்று சொல்லித் தை மாதத்தில் அவனைச் சேர்த்துவிட்டான்.

உசேன் வார்த்தைக்கு அந்த வீட்டில் மறுவார்த்தை கிடையாது. அத்தா மவுத்தானபோது உசேனுக்குப் பதினாலு வயசு, ரஹீமுன்னிசாவுக்கு ஏழு. ராயபுரம் மீன் ஏலத்தில் கூடை சுமந்து தங்கைக்குக் கஞ்சி ஊற்றியவன் அவன். பெண்பிள்ளைக்கு எதுக்குப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, "என் தங்கச்சி நாலு எழுத்து படிக்கட்டும். உங்க வூட்டுச் சோத்தையா துன்றா?" என்று சண்டை போட்டு அவளை ஐந்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவனும் அவன்தான்.

கமாலுதீனுக்குக் கொடுத்த வேலை பீப்பாய் உடைப்பது. கப்பலில் வந்திறங்கும் இரும்புப் பீப்பாய்களைத் தகரக் கொட்டகையில் திறந்து, உள்ளே இருக்கும் ஈரமான மஞ்சள் பொடியைக் கையால் வாரிக் கூடையில் போட்டு, கொப்பரையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். அங்கே அது கந்தகத்தோடும் காரத்தோடும் கொதித்துக் கறுப்புச் சாயமாக மாறும். குடைத் துணிக்குப் போடுகிற கறுப்பு. பொடிக்கு என்ன பேர் என்று யாருக்கும் தெரியாது. மஞ்சப்பொடி என்றே சொன்னார்கள். கொட்டகையில் வேலை செய்தவர்களுக்கு ஒரே மாதத்தில் உள்ளங்கை மஞ்சளாயிற்று. பிறகு நகம். பிறகு நெற்றியோரத்து முடி.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும் உசேன் வீட்டுக்கு வந்தான். கையில் டைப் அடித்த ஒரு தாள், ஒரு மைப்பெட்டி.

"பர்மனெண்ட் பண்றாங்க மச்சான. ஒரு கைநாட்டு வெச்சுட்டா வேல முடிஞ்சிச்சு."

தமிழில்தான் இருந்தது. ரஹீமுன்னிசா வழக்கம்போல வாங்கிப் படிக்கக் கை நீட்டினாள். உசேன் தாளைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டு சிரித்தான்.

"அண்ணன் கொண்டாந்த காயிதத்த நீ படிச்சுப் பாத்துத்தான் வாங்குவியா? உன்னிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதுக்கு இதான் பலனா?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. கையை எடுத்துக்கொண்டாள். அந்த வெட்கத்திலேயே, அண்ணன் மனசு நொந்துவிடக் கூடாதே என்று, புருஷனுடைய பெருவிரலைத் தானே பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினாள். உசேன் அதை ஊதிக் காயவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனான்.

அக்கினி நட்சத்திரமும் ரமலான் மாதமும் அந்த வருஷம் ஒன்றாக வந்தன. நோன்பு வேண்டாம் என்று ரஹீமுன்னிசா கெஞ்சினாள். கமாலுதீன் கேட்கவில்லை. பன்னிரண்டு வயசிலிருந்து ஒரு நோன்பையும் விட்டவன் இல்லை அவன். தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வேலை செய்துவிட்டு, பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் பள்ளிவாசல் கஞ்சியைக் குடிக்கும்போது அவன் கை நடுங்கும். உடம்பைத் தொட்டால் சுட்ட பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். காய்ச்சலா என்றால் இல்லை என்பான். "உள்ளார அடுப்பு எரிஞ்சுகினே கீது, அவ்ளோதான்."

நோன்பு பத்தோ பதினொன்றோ ஆகியிருந்தபோது வரதன் செத்துப்போனான்.

வரதன் கமாலுதீனோடு அதே கொட்டகையில் வேலை செய்தவன். இருவரும் நல்ல தோஸ்து. மத்தியானம் கூடையைத் தூக்கிக்கொண்டு போனவன், அப்படியே குந்தி உட்கார்ந்து, "மாமு, நெஞ்சு பறக்குது" என்றானாம். தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் வெதுவெதுவென்று வழிந்ததாம். ஒரு மணி நேரத்தில் மூச்சு நின்றது. வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிட்டது. பாடையில் கையை மடக்கி வைக்க முடியவில்லை என்று சொல்லிக் கமாலுதீன் அழுதான். மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டில் எடுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று அவன் நோன்பு திறக்கத் தண்ணீர் மட்டும் குடித்தான்.

"வெயில் தாக்கு. இந்த வருசம் மெட்ராஸ்ல எத்தினி பேரு போறான், பாரு" என்றான் உசேன்.

மறுநாள் கமாலுதீன் மறுபடியும் கொட்டகைக்குப் போனான்.

பெருநாள் தொழுகை முடிந்து உசேன் தன் சின்ன மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ரஹீமுன்னிசா சேமியா பாயசம் காய்ச்சி வைத்திருந்தாள். கமாலுதீன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி மச்சானைத் தழுவ எழுந்து போனான். உசேன் ஒரு அடி பின்னால் வைத்தான். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "முபாரக், முபாரக். உடம்பு சுடுது உனுக்கு, ஒக்காரு" என்றான். மாமன் மடியில் ஏறப் போன மகளையும் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டான். "வாணாம்மா, புதுத் துணி" என்றான். பாயசத்தையும் தொடவில்லை.

கமாலுதீன் விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பெருநாளும் அதுவுமாகத் தழுவாமல் போகிறவன் உண்டா? அண்ணனுக்கு ஏதோ மனக்குறை என்றுதான் ரஹீமுன்னிசா நினைத்தாள். நாம் என்ன தப்பு செய்தோம் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கமாலுதீன் வாசல் படி இறங்கும்போதே சரிந்து விழுந்தான்.

கை ரிக்‌ஷாவில் போட்டு ராயபுரத்துக்குக் கொண்டுபோனாள். கடற்கரைத் தெருவில் ஒரு தரும வைத்தியசாலை இருந்தது. அங்கே ஞானசெல்வி என்று ஒரு டாக்டரம்மா. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கொத்தவால் சாவடியில் அவர்களுக்கு மண்டி இருந்தது. அந்த அம்மா கமாலுதீனின் வாயில் வைத்த கண்ணாடிக் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, உதறி, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஈரத் துணியால் உடம்பைச் சுற்றச் சொன்னாள். வாயைத் திறந்தால் போதும், தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

"காமாலையா டாக்டரம்மா?"

"காமாலைன்னா முதல்ல கண்ணுலதான் தெரியும். கண்ணு வெள்ளையா இருக்கு. கையும் நகமும்தானே மஞ்சள்? இது வெளியிலேர்ந்து வந்தது. என்ன வேலை பாக்கிறாரு?"

ரஹீமுன்னிசா சொன்னாள். மஞ்சப்பொடி, தகரக் கொட்டகை, இரண்டு ஆள் சாப்பாடு, வேர்வை, விறைத்துப்போன வரதன். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சோறு போடாம கொல்றேன்னு தெருவுல பேசிக்கிறாங்கம்மா" என்றாள் ரஹீமுன்னிசா.

"உக்காரு. உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றாள் டாக்டரம்மா. "நாம சாப்பிடுற சோறு செரிச்சுச் சர்க்கரையா ரத்தத்துல கலக்குது. ரத்தம் அதை உடம்புல எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். நம்ம உடம்பே கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளால கட்டினதுதான். செல்லுன்னு பேரு. கோடி கோடியா இருக்கு. ஒவ்வொண்ணுக்குள்ளயும் அந்தச் சர்க்கரை, நாம இழுக்கிற மூச்சுக் காத்தோட சேர்ந்து எரியுது. நம்ம வீட்டு அடுப்பு மாதிரி குப்புனு இல்ல. படிப்படியா, அடக்கமா. அப்ப வர்ற சக்தியை அந்தச் செல்லு பிடிச்சு வெச்சுக்கிடும். மூட்டை தூக்கறது, நெஞ்சு துடிக்கறது, நீயும் நானும் இப்ப பேசறது, எல்லாம் அந்தச் சக்திதான். மிச்சம் கொஞ்சம் சூடாப் போகும். உயிருள்ள உடம்பு வெதுவெதுன்னு இருக்கறது அதனாலதான்."

"இவருக்கு?"

"எரியறது நடக்குது. ரொம்ப வேகமாவே நடக்குது. பிடிச்சு வெக்கறதுதான் நடக்கல. அத்தனையும் சூடா வெளிய போயிருது. நீ தையல்காரிதானே? மிஷின்ல பெல்ட் நழுவிப்போனா என்ன ஆகும்?"

"மெரிச்சுகினே இருப்பேன். கீழ்ச்சக்கரம் சுத்தும். ஊசி எறங்காது."

"ஊசி இறங்கலியேன்னு இன்னும் வேகமா மிதிப்பேல்லா?"

"காலுதாம்மா நோவும்."

"அவ்வளவுதான். நீ போட்ட சோறெல்லாம் எரிஞ்சது. ஒண்ணுமே அவருக்கு உதவல. சோறு தீர்ந்ததும் உடம்புல இருந்த கொழுப்பு, அப்புறம் சதைன்னு எரிஞ்சுக்கிட்டிருக்கு. வெயிலும் தண்ணியில்லாத நோன்பும் சேர்ந்தா, வெளிய போக வேண்டிய சூடும் உள்ளயே நின்னுரும். முத உலகச் சண்டையில வெடிமருந்துக் கிடங்குல வேலை பாத்தவங்க இப்படித்தான் செத்தாங்க. அந்தப் பொடிதானான்னு நிச்சயமா எனக்குத் தெரியணும். பீப்பாய்ல ஒட்டின காகிதம் இருக்கும். கொண்டுவா."

ரஹீமுன்னிசாவுக்கு முதலில் வந்தது ஆறுதல்தான். தான் கொல்லவில்லை. அடுத்த நிமிஷமே அண்ணன் ஞாபகம் வந்தது. பாவம், அவனுக்கும் இது தெரியாது, அவனும் அங்கேதானே வேலை செய்கிறான், உடனே போய் எச்சரிக்க வேண்டும் என்று புறப்பட்டாள்.

தண்டையார்பேட்டையில் உசேன் வீடு. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டான். திடுக்கிடவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளவும் இல்லை. அந்தக் கை வெள்ளையாக இருப்பதை ரஹீமுன்னிசா அப்போதுதான் கவனித்தாள்.

"டாக்டருகிட்ட இன்னா சொன்னே? கம்பெனிப் பேரச் சொன்னியா?"

"பீப்பாயில ஒட்டின காயிதம் வோணுமாம்ண்ணே. நீ ஒண்ணு கிழிச்சுக் குடு."

"காமாலன்னு சொல்லு. கீழாநெல்லி அரச்சுக் குடு. ஒரு மாசம் வூட்டுல கெடக்கட்டும்."

"கண்ணு வெள்ளையா கீது. காமால இல்லியாம்."

உசேன் தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவினான். சோப்புப் போட்டு, முழங்கை வரைக்கும், மெதுவாகக் கழுவினான்.

"இதப் பாரு. பேஜாரு பண்ணாத. கேஸு கீஸுன்னு போனா ஒண்ணியும் நிக்காது. பொடி ஆபத்துன்னு எனுக்குச் சொன்னாங்க, கைக்கு உறை குடுத்தாங்க, நான்தான் போட மாட்டேன்னேன், எது வந்தாலும் எனுக்கே சேரும்னு உன் புருசன் எழுதிக் குடுத்துகீறான்."

"அவரு எங்க எழுதினாரு? எப்போ?"

உசேன் துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டான். மைப்பெட்டி, மடித்த தாள், அண்ணனின் சிரிப்பு எல்லாம் அவள் கண்முன் வந்து நின்றன. பெருநாளன்று அவன் பின்னால் எடுத்து வைத்த அந்த ஒரு அடியும் வந்தது.

"தெரிஞ்சேதான் கொண்டாந்தியா?"

"நீதான்மே கையப் புடிச்சு வெச்சே" என்றான் உசேன்.

அவள் எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ரயில் கேட்டில் நின்றபோதுதான் முந்தானை தரையில் புரள்வதைப் பார்த்தாள். அழுகை வரவில்லை. கூடை சுமந்து கஞ்சி ஊற்றிய அதே கை இந்தத் தாளையும் நீட்டியிருக்கிறது. அந்தக் கஞ்சியை இப்போது எங்கே கொண்டுபோய்க் கக்குவது?

காகிதம் வரதன் வீட்டில் கிடைத்தது. படுக்கையிலிருந்து கமாலுதீன்தான் நினைவுபடுத்தினான். பீப்பாய்மேல் மண்டையோட்டுப் படம் போட்ட காகிதத்தைப் பார்த்து வரதன் ஒருநாள் மேஸ்திரியிடம் இது என்ன என்று கேட்டானாம். "சீமைக் கம்பெனி மார்க்குடா, புலி மார்க்கு யானை மார்க்கு மாதிரி" என்றானாம் உசேன். வரதனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். இங்கிலீஷ்தான் தெரியாது. யாரிடமாவது கேட்போம் என்று கிழித்து வைத்திருந்தான். அவன் சம்சாரம் தாயாரம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"தோலுல படக் கூடாது. தூசியை மோக்கக் கூடாது. வெயில் காலத்துல இதைக் கையாளறவங்களை அடிக்கடி மாத்தணும். எல்லாம் தெளிவா அச்சடிச்சிருக்கு. இதையே ஒரு காலத்துல சீமையில உடம்பு இளைக்க மாத்திரையாக் குடுத்தாங்க. கண்ணு போச்சு, ஆளும் போனாங்கன்னு நிறுத்திட்டாங்க. உங்க மேஸ்திரிக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. ஆனா விசயம் தெரியும்" என்றாள் ரஹீமுன்னிசா.

இரண்டு பெண்களுக்கும் சேர்த்து டாக்டரம்மாவே மனு எழுதினாள். தொழிலாளர் நஷ்டஈட்டு அதிகாரி முன் ஆவணி மாதத்தில் விசாரணை வந்தது. அதற்குள் கமாலுதீன் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தான். பொடியை விட்டு விலகியதும் வேர்வை நின்றது. பசி சாதாரணப் பசியாயிற்று. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. ஆனால் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. எதிரே நிற்பவன் புகைக்குள் நிற்கிற மாதிரி தெரிகிறான் என்றான். ரஹீமுன்னிசா கையைப் பிடித்துத்தான் அதிகாரியின் கச்சேரிப் படி ஏறினான்.

கம்பெனி வக்கீல் கொட்டகை ஆட்கள் எல்லாருடைய தாள்களையும் மேஜைமேல் அடுக்கினார். டாக்டரம்மா சாட்சி சொன்னாள். ரஹீமுன்னிசா அண்ணன் இருந்த பக்கம் திரும்பாமல், அந்த வெள்ளிக்கிழமை நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அதிகாரி உசேனைக் கூப்பிட்டார்.

வேட்டி மடிப்பு கலையாமல் வந்து நின்ற உசேன், கணீரென்று சொன்னான்:

"எஜமான், என் தங்கச்சி அஞ்சாவது படிச்சவ. நான் காயிதத்த அவ கையிலதான் குடுத்தேன். அவ முழுக்கப் படிச்சா. படிச்சுட்டுத்தான் அவளே புருசன் வெரலப் புடிச்சு வெச்சா."

ரஹீமுன்னிசா வெடுக்கென்று அண்ணன் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் கமாலுதீன் மெல்லத் திரும்பி, புகை படிந்த கண்ணால் அவள் முகத்தைத் தேடினான். அந்தத் தேடலில் ஒரு சந்தேகம் இருந்தது. விரல் பிடித்து அழுத்தியது அவன் மறக்கக்கூடிய விஷயமா? தாள் அவள் கைக்குப் போனதா இல்லையா என்பதை மட்டும் அவன் அன்று கவனிக்கவில்லை. வேலை நிரந்தரமாகிற சந்தோஷத்தில் இருந்தவன் அவன்.

அப்போது தாயாரம்மா எழுந்து நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எங்க வூட்டுக்காரு காயிதமும் அதுல கீதா சாமி?"

வக்கீல் தேடி எடுத்துக் காட்டினார். வரதன் என்று டைப் அடித்த பேருக்குக் கீழே கைநாட்டு.

"எங்க வூட்டுக்காரு கைநாட்டு வெக்க மாட்டாரு. கையெழுத்துப் போடுவாரு. கூலி வாங்கற நோட்டப் பாரு சாமி, மாசாமாசம் போட்டுகீறாரு. செத்த மனுசன் பேர்ல யாரு வந்து வெரல வெச்சது?"

அதிகாரி கூலி நோட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார். பிறகு தன் மைப்பெட்டியை உசேன் பக்கம் நகர்த்தினார். உசேன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் ஜன்னலைப் பார்த்தார். உசேன் பெருவிரலை மையில் வைத்தபோது அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை மேஜைமேல் விழுந்தது.

திரும்பி வருகிற வழியில் கமாலுதீன் ரிக்‌ஷாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். பேசின் பிரிட்ஜ் பக்கம் வந்ததும் கேட்டான்.

"ஒரே ஒரு வார்த்த கேக்கறேன். நீ படிச்சியா?"

இதைக் கேட்டுவிட்டானே என்று அவளுக்குப் பற்றி எரிந்தது. ஆனால் கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டிருந்தால் அது இதைவிடக் கொடுமை என்றும் தோன்றியது.

"படிக்கல. படிச்சிருக்கணும். அவன் கையிலேர்ந்து புடுங்கியாவது படிச்சிருக்கணும்."

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான். உடனே இல்லை. ரிக்‌ஷா பாலத்தைத் தாண்டிய பிறகு.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. வரதன் பேரிலும் மற்ற இரண்டு பேர் பேரிலும் இருந்த கைநாட்டு உசேனுடையது என்று ரேகை பார்ப்பவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கைக்கு உறை வாங்கினதாகக் காட்டக் கம்பெனியிடம் ஒரு ரசீதுகூட இல்லை. அப்படியே ஒருவன் உண்மையாகக் கைநாட்டு வைத்திருந்தாலும், தன் உயிர்மேல் உள்ள உரிமையை எழுதிக் கொடுத்துவிடச் சட்டத்தில் இடம் இல்லை என்று அதிகாரி சொன்னார். அதைக் கேட்டபோதுதான் ரஹீமுன்னிசாவுக்கு மனசு அதிகம் கசந்தது. ஒன்றுக்கும் உதவாத ஒரு காகிதத்துக்காகவா அண்ணன் தன்னை விற்றான்? தாயாரம்மாவுக்கும் கமாலுதீனுக்கும் நஷ்டஈடு கொடுக்க உத்தரவாயிற்று. கொட்டகையை இழுத்துப் பூட்டினார்கள். எல்லாம் மேஸ்திரி தன்னிஷ்டத்துக்குச் செய்தது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக் கொடுத்து, முதலாளி உசேனை வேலையை விட்டு நீக்கினார். அவன்மேல் போலீஸிலும் புகார் கொடுத்தார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மாலையில் உசேன் வந்தான். குடை இல்லை. வாசலுக்கு வெளியிலேயே நின்றான். ரஹீமுன்னிசா மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து கதவருகே போனாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"முதலாளி என்னியத் தூக்கிப் போட்டுட்டாரும்மா. அவரு சொல்லித்தான் செஞ்சேன். பன்னண்டு வருசம் அவருக்கு ஒழச்சேன். இப்ப என்னிய யாருன்னே தெரியாதுன்றாரு." அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். "கோர்ட்டுல எனுக்காக ஒரு வார்த்த நீ சொன்னா..."

"உன் மச்சான வேலைல சேர்த்துவுடறப்பவே உனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அவள்.

உசேன் தலை குனிந்தான்.

"மூணு பேரு முடியாம நின்னுட்டாங்க. ஆளு புடிச்சுக் குடுன்னு முதலாளி உசுர எடுத்தாரு. வெளியாளு யாரும் வரல. மச்சான் மூட்ட தூக்கின ஒடம்பாச்சே, தாங்கும்னு நெனச்சேன்."

தாங்கும் என்று நினைத்தான். அப்படியானால் யோசித்துத்தான் செய்திருக்கிறான். எத்தனை நாள் யோசித்தானோ. அந்த நாட்களிலும் இந்த வீட்டுக்கு வந்து, பாயில் உட்கார்ந்து, அவள் கையால் டீ வாங்கிக் குடித்திருப்பான். ரஹீமுன்னிசா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ராயபுரம் கடற்கரையில் ஓடின பையனின் சாடை அதில் எங்கேயோ இருந்தது. இருந்து என்ன செய்ய?

"தண்ணி வோணுமா?" என்று கேட்டாள்.

அவன் தலையாட்டினான். கொண்டுவந்து கொடுத்தாள். வாசலிலேயே நின்று குடித்துவிட்டுத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

உள்ளே சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்த கமாலுதீன் சத்தம் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான்.

"உசேன் கொரலு மாதிரி கீதே?"

"ஆமாம். அவன்தான் வந்தான்."

"இன்னா வோணுமாம்?"

"சாட்சி."

கமாலுதீன் சுவரில் சாய்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, பசிக்குது என்றான். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.